பிறர் கையில் நம் பிள்ளை



2008ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிகள் தொடங்கியபோது, எல்லைக்கோட்டின் அருகே ஆடிய பெண்களைக் கண்டு முகம் சுளித்துத் தொலைக்காட்சியை நிறுத்திய பெரியவர்கள் நம் இல்லங்களில் உண்டு. 'சியர்லீடர்' என்னும் சொல்லை நம்மவருள் பலர் அறிந்தது அவ்வழியேதான். ஆனால், அச்சொல் பிறந்த அமெரிக்காவில் அது பள்ளிக்கூடத்தைச் சார்ந்த சொல். உயர்நிலைப் பள்ளி மாணவியரும் மாணவர் சிலரும், வகுப்புகள் முடிந்த மாலை வேளைகளில் கூடி, முழக்கமிடவும் கரணமடிக்கவும் ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்தவும் பழகுகின்றனர். அவர்களது உடை குறித்து நமக்கு வேறு கருத்து உண்டு. அது இன்றைய பேச்சன்று. அப்பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவர் யார், எவ்வாறு பயிற்றுவிக்கிறார் என்பதில் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதனையே சிந்திக்க விழைகிறேன்.

இக்கலை ஓர் ஆண்மகனால் தொடங்கப்பெற்றது என்றால் வியப்பீர்கள். 1898ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்பந்தாட்டத்தில், ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னே நின்று முழக்கத்தை வழிநடத்தினார். 1920களில்தான் பெண்கள் இதில் சேரத் தொடங்கினர். இரண்டாம் உலகப் போருக்கு இளைஞர்கள் சென்றபின் பெண்களின் எண்ணிக்கை மிகுந்தது.

இதனை முறையாகக் கற்பிக்கலாம் என்று காட்டியவர் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரைச் சேர்ந்த லாரன்ஸ் ஹெர்க்கிமர். இளமையில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. கூட்டத்தின் முன்னின்று முழக்கமிடும்போது அத்திக்கல் மறைந்துவிடும். 1948ஆம் ஆண்டு டெக்சாஸின் ஹன்ட்ஸ்வில் நகரில் அவர் நடத்திய முதல் பயிற்சி முகாமுக்கு 52 மாணவியரும் ஒரே ஒரு மாணவனும் வந்தனர். மறு ஆண்டில் அத்தொகை 350 ஆயிற்று. அவர் பெயரால் இன்றும் வழங்கும் ஒரு துள்ளல் உண்டு: ஒரு கால் நீண்டிருக்க, மறு கால் மடங்கியிருக்கும். இரு கால்களையும் முழுமையாக விரிக்க முயன்று, இயலாமற்போனதில் பிறந்தது அது என்பர். தன் குறையையும் தவறிய முயற்சியையும் மறந்துவிடாத ஆசிரியருக்குத்தான் பிள்ளையின் தடுமாற்றம் குற்றமாகத் தோன்றாது. ஹெர்க்கிமர் 2015ஆம் ஆண்டு தம் 89ஆம் வயதில் காலமானார்.

இன்றைய உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர் பெரும்பாலும் எத்தகையவர்? அதே பள்ளியில் ஏதேனும் ஒரு பாடம் கற்பிக்கும் ஆசிரியையாக இருப்பார். தம் மாணவப் பருவத்தில் அவரும் இக்குழுவில் நின்றிருப்பார். மாலைப் பணிக்குக் கிடைப்பது சிறு ஊக்கத்தொகையே. ஆனால் தாம் ஆடியதும் பிறரை ஆட்டுவிப்பதும் ஒன்றல்லவே! நன்றாக நீந்தத் தெரிந்தவர் எல்லோரும் நீச்சல் கற்பிக்க வல்லவர் என்று கொள்ளலாமா?

மனிதக் கோபுரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கீழே நின்று தாங்குவோர் சிலர். மேலே நிற்பவள் ஒருத்தி. பின்னால் கண்ணை எடுக்காமல் காவல் நிற்பவர் ஒருவர். காண்போர் கண்கள் மேலே நிற்பவளை நோக்கும். நல்ல பயிற்சியாளரின் கண்களோ கீழே நிற்போரின் கால்களையும் கைகளையும் நோக்கும். அவர் படிப்படியாகவே செல்வார். முதலில் தரையில் அசைவுகள். பின்பு தொடையளவு உயரம். அது தவறாமல் வந்தபின் தோளளவு. அதன் பின்னரே தலைக்கு மேல். ஏறுவதற்கு முன்பு இறங்கக் கற்பிப்பார். தூக்குவதற்கு முன்பு பிடிக்கக் கற்பிப்பார். குழுவில் எவர் 'இறக்கு' என்று குரல் கொடுத்தாலும், காரணம் கேளாமல் உடனே இறக்கிவிட வேண்டும் என்பதைப் பழக்கமாக்குவார். அஞ்சுகிற பிள்ளை வாய்திறந்து 'அஞ்சுகிறேன்' என்று சொல்லக்கூடிய இடமே நல்ல பயிற்சிக்களம்.

இத்தனை எச்சரிக்கை ஏன்? 2012ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் இதுபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பிற விளையாட்டுகளோடு ஒப்பிட இதில் ஏற்படும் காயங்களின் விகிதம் குறைவே. ஆயினும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் மாணவியருக்கு நேர்ந்த மிகக் கொடிய காயங்களில் நூற்றுக்கு 65 இத்துறையில் நேர்ந்தவை என்று அவ்வறிக்கை காட்டிற்று. தகுதிபெற்ற பயிற்சியாளர் வேண்டும். கோபுரம் இரண்டு ஆள் உயரத்தைத் தாண்டலாகாது. கடினமான தரையில் தூக்கி எறியும் வித்தைகள் கூடா. தலையில் அடிபட்டதாக ஐயம் எழுந்தால், மருத்துவர் எழுத்து மூலம் இசைவு தரும்வரை அப்பிள்ளையைச் சேர்க்கலாகாது என்றெல்லாம் அது அறிவுறுத்தியது.

2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிகழ்ந்த ஒன்றையும் கேளுங்கள். செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு கூடைப்பந்தாட்டத்தின்போது, கல்லூரி மாணவி ஒருத்தி கோபுரத்தின் மேலிருந்து சுமார் 15 அடி கீழே தலைகுப்புற விழுந்தாள். முதுகெலும்பு முறிவும் மூளை அதிர்ச்சியும் ஏற்பட்டன. கழுத்து அசையாதபடி கட்டி வெளியே கொண்டு செல்கையில், கல்லூரிப் பாடல் ஒலித்தது. படுத்தவாறே அவள் கைகளை அசைத்து நடனமாடினாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவளது நெஞ்சுரத்தைப் போற்றாமல் இருக்க இயலாது. ஆயினும் பெற்றவர்களின் மனத்தில் எழ வேண்டிய கேள்வி வேறு: வலியை மறைப்பதே வீரம் என்று நம் பிள்ளைக்கு எவரேனும் கற்பித்துவிட்டனரா? அவ்வாண்டு முதற்கொண்டு, கூடைப்பந்தாட்டத் தரை போன்ற கடினமான தளங்களில் ஆளைத் தூக்கி எறிந்து பிடிக்கும் வித்தைக்குத் தடை வந்தது; அத்தகைய கொடிய விபத்துகளும் குறைந்தன. கைதட்டல் காக்காத பிள்ளைகளை விதி காத்தது.

இனி, என் நெஞ்சை விட்டு அகலாத ஒரு செய்தி. 2017ஆம் ஆண்டு, டென்வர் நகரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் புதிதாக அமர்த்தப்பட்ட பயிற்சியாளர் ஒருவர், கால்களை இரு திசையும் விரித்துத் தரையோடு அமரும் பயிற்சியில் மாணவியரை வற்புறுத்தினார். சக மாணவியர் கைகளையும் கால்களையும் பிடித்துக்கொள்ள, அவர் தோளை அழுத்தினார். 'தயவு செய்து நிறுத்துங்கள்' என்று ஒரு சிறுமி மீண்டும் மீண்டும் கதறினாள். அவர் நிறுத்தவில்லை. சிறுமியின் தாய் ஜூன் மாதமே பள்ளிக்கு எழுதிவிட்டார். ஆனால் ஆகஸ்ட் மாதம் அக்காட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பின்னரே பயிற்சியாளர் நீக்கப்பட்டார். முன்பு பணியாற்றிய வேறொரு பள்ளியும் அவரது முறைகள் பொருந்தா என்று அவரை விலக்கியிருந்த செய்தி பின்னர் வெளியாயிற்று. குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

அச்சிறுமியின் குரல் அவ்வறையில் இருந்த அனைவரின் காதிலும் விழுந்தது. அவளைப் பிடித்திருந்தவர்கள் அவளுடைய தோழியரே! ஒரு பயிற்சியாளரின் அணுகுமுறை ஒரு பிள்ளையை மட்டும் பாதிப்பதில்லை. கூட இருப்போரையும் இரக்கமற்றவர்களாக்கிவிடக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெற்றோர்களே! நம் ஊரில் இக்கலை இல்லை என்று நிம்மதி கொள்ள வேண்டாம். கராத்தே வகுப்பு உண்டு, நீச்சல் உண்டு, சிலம்பம் உண்டு, டியூஷன் உண்டு. கட்டணம் எவ்வளவு, எத்தனை பதக்கம் என்று கேட்கிறோம். இதற்கு முன் எங்கே கற்பித்தீர்கள், ஏன் அங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கிறோமா? பிள்ளைக்கு அடிபட்டால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறோமா? முன்னறிவிப்பின்றி ஒரு நாள் சென்று ஓரமாக நின்று பார்க்கிறோமா? 'மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று பிள்ளையின் வாயை நாமே அடைத்துவிடுகிறோம் அல்லவா?

பிள்ளை நம்மிடம் உள்ள அமானிதம். அதனைச் சிறிது நேரம் பிறர் கையில் ஒப்படைக்கிறோம்; பொறுப்பை ஒப்படைத்துவிடவில்லை. இன்று மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம், 'எத்தனாவது இடம் வந்தாய்?' என்று கேட்பதற்கு முன், 'வலித்தால் நிறுத்தச் சொல்ல உன்னால் முடிகிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். விடை வரத் தாமதமானால், மறுநாள் நீங்களே உடன் செல்லுங்கள்.