போத்தும் கன்றும் ஒன்றாகுமா?

முருங்கைப் போத்தை நட்டால் அது தாய்மரத்தை அப்படியே ஒத்துத் தழைக்கும். வெட்டுண்ட மரத்துக்கும் நோவில்லை, நட்டவனுக்கும் பழியில்லை. மேலையர் வழங்கும் 'குளோன்' என்னும் சொல்லும் இளங்கிளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததே. இதனைத் தமிழிற் படியாக்கம் என்போம். செடிக்கு இயல்பான இம்முறையை ஆட்டின்மேலும் மாட்டின்மேலும் ஏற்றும்போதுதான் அறக்கேடு தொடங்குகின்றது. எங்ஙனம் எனிற் கூறுவோம்.

1996-ஆம் ஆண்டில் இசுகாட்லாந்து நாட்டு உரோசுலின் ஆய்வு நிலையத்தில் 'டாலி' என்னும் ஆட்டுக்குட்டி பிறந்தது. வளர்ந்த ஆடொன்றின் மடியணுவை, உட்கரு நீக்கிய வேறோர் ஆட்டின் முட்டையோடு இணைத்து, மூன்றாம் ஆட்டின் வயிற்றில் வளர்த்தனர். 277 முறை இணைத்ததில் 29 கருக்களே தேறின. அவற்றை 13 ஆடுகளின் கருப்பையில் இட்டும் உயிரோடு பிறந்தது அவ்வொன்றே. உலகம் அவ்வொன்றைக் கொண்டாடிற்று, எஞ்சியவற்றை எண்ணவில்லை.

படியாக்கக் கருக்களுள் வயிற்றிலேயே சிதைவன பல. அளவுக்கு மீறிப் பருத்து, தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்படுவன சில. பிறந்தும் மூச்சுத்திணறி மாய்வன சில. 2009-இல் அரியானா மாநிலத்துக் கர்னாலில் படியாக்கத்தாற் பிறந்த முதல் எருமைக்கன்று சில நாள்களிலேயே மாண்டது. அங்கேயே 2023-இல் கிர் இனப் பசுங்கன்றும் பிறப்பிக்கப்பட்டது. முயற்சி ஓயவில்லை, ஆகவே கேள்வியும் ஓயலாகாது.

2008-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து ஆள்வகம், படியாக்க மாடு, பன்றி, வெள்ளாடு ஆகியவற்றின் ஊனும் பாலும் உண்பார்க்குத் தீங்கற்றவை என்றது. ஆகுக. அஃது உண்பவன் வினாவுக்கு விடை. சுமந்த தாய்க்கும் துடித்த கன்றுக்கும் விடையாமோ? அதே ஆண்டில் ஐரோப்பிய உணவுக் காப்பு ஆணையம், படியாக்க விலங்குகளுட் குறிப்பிடத்தக்க பகுதியின் நலம் கெடுகின்றது என்று எடுத்துரைத்தது. 2015-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பண்ணை விலங்குப் படியாக்கத் தடைக்குச் சார்பாக 529 பேரும் எதிராக 120 பேரும் வாக்களித்தனர்.

பிழைத்தவை நலமாக வாழ்கின்றனவே என்பார் உளர். உண்மையே. டாலியின் அணுவழியிலேயே வந்த நான்கு ஆடுகள் நன்னலத்தோடு முதிர்ந்தமையை 2016-இல் ஆய்வாளர் காட்டினர். ஆயினும், பிழைத்தவற்றின் நலம் பிழையாதவற்றின் நோவை ஈடுசெய்யுமா?

மிகுபால் வேண்டுமெனின் நல்ல தீனியும் தூய நீரும் தக்க மருத்துவமும் தேர்ந்த பொலிகாளையும் உள்ளன. ஒரே மாட்டைப் படியெடுத்துத் தொழுவை நிரப்பினால், ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும்.

எனவே, படியாக்கம் செய்யும் ஒவ்வோர் ஆய்வகமும் பிறந்த கன்றைக் காட்டுவதோடு அமையாது, சிதைந்த கருக்களையும் மாண்ட கன்றுகளையும் நலிந்த தாய்களையும் எண்ணி வெளியிடல் வேண்டும். அவ்வெண்ணிக்கை அருகும் வரை ஊனுக்காகவும் பாலுக்காகவும் படியாக்கம் செய்தலை அரசு தடுத்தல் வேண்டும்.

அறிவு வளர்க! அருளும் உடன் வளர்க!