எங்கள் சாட்சியத்தில் சேரியும் இருக்கும்

நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தி, தன் விசுவாசத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். எல்லாம் அவள் பாட்டியைப் பற்றியது. ஊர்த்தெருக்காரர்களின் கோயிலில் பக்கவாசலோடு நின்றே பூசை கண்டு முடித்த பாட்டி. சாகும்வரை ஜெபமாலையைக் கீழே வைக்காத பாட்டி. இயேசு உள்ளே பீடத்தில் இருந்தாரா, பாட்டியோடு வாசலில் நின்றாரா என்று கேட்டு, வாசலில்தான் நின்றார் என்று முடித்திருந்தாள்.

பங்கு இதழுக்கு அனுப்பினாள். அச்சில் ஜெபமாலை வந்தது, வாசல் வரவில்லை. கேட்டதற்குக் கிடைத்த பதில்: "ஆன்மிகம் எழுதும்மா, சாதியை ஏன் இழுக்கிற?"

யார் இழுத்தது? தனிப்பங்கு கேட்டதற்காக 2008 மார்ச்சில் எறையூர் தலித் கத்தோலிக்கர்களின் வீடுகளைத் தாக்கியவர்கள் வேற்று மதத்தவரா? திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஆயர்கள் எழுதினால் ஆவணம், எங்கள் பெண் எழுதினால் வம்பா?

குடியை விட்டேன், நோய் தீர்ந்தது, வேலை கிடைத்தது. சாட்சியம் என்றால் இந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும் என்று பழக்கிவிட்டார்கள். எங்கள் மக்கள் அப்படியும் சொல்கிறார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் அவமானத்திலிருந்து எழுந்து நின்றதைச் சொன்னால் மட்டும் அது அரசியலாகிவிடுகிறது.

1992-இல் வந்த 'கருக்கு' இந்தப் பூட்டை உடைத்தது. கன்னியர் மடத்திலிருந்து வெளியேறிய பாமா, பனங்கருக்கின் இருபக்கக் கூர்மையை எபிரேயர் திருமுகத்தில் வரும் இருபுறமும் கூரான வாளோடு சேர்த்துப் பார்த்தார். அதை தலித் தன்வரலாறு என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். மடத்தைக் கேள்வி கேட்ட அந்தக் குரலில் விசுவாசமும் இருக்கிறது. பாடத்திட்டத்தில் அதைப் படிக்கும் மாணவர்கள் மறுபடி ஒருமுறை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

நம் பக்கமும் சுத்தமில்லை, தோழர்களே. கூட்டத்தில் ஒரு தம்பி இயேசு என்று சொன்னால் முகம் சுளிக்கிறோம். "அதெல்லாம் வீட்டோட வச்சுக்கப்பா" என்கிறோம். பங்கு இதழ் சேரியை வெட்டுகிறது, நாம் சிலுவையை வெட்டுகிறோம். கத்தரிக்கோல் ஒன்றுதான்.

இதைவிடப் பெரிய கத்தரிக்கோல் அரசிடம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டிப்போட்டது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய நம்மவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அதோடு போய்விடுகிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவர் ஞானஸ்நானம் பெற்றதும் தவறாமல் கோயிலுக்குப் போனதும் கணக்கில் வந்தன. கோயிலுக்குப் போனதே ஆதாரமானால், கையெழுத்துப் போட்ட சாட்சியம் என்னவாகும்?

சாதிக் கிறிஸ்தவர் தன் விசுவாசத்தை எழுதினால் அவர் எதையும் இழப்பதில்லை. நம் பிள்ளை எழுதினால் வேலைவாய்ப்பு போகிறது. அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தரும் மதச் சுதந்திரத்துக்கு இந்த நாட்டில் சாதிவாரியாக விலை இருக்கிறது.

அதனால் பெயர் போட்டுத்தான் எழுத வேண்டும் என்று நாங்கள் யாரையும் வற்புறுத்த மாட்டோம். ஒளிந்து எழுதுகிறாயா என்று கேட்பவர்கள் முதலில் அந்த ஆணையை எதிர்த்துத் தெருவுக்கு வரட்டும். புனைபெயரில் எழுதுங்கள், நோட்டில் எழுதுங்கள், கைமாற்றிப் படியுங்கள். வெட்டாமல் எழுதுங்கள்.

அந்த மாணவியின் அண்ணன் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான். "பேரைப் போட்டுடாத, என் சர்ட்டிபிகேட்டும் போயிடும்" என்று கெஞ்சியிருக்கிறான். அவள் போடவில்லை. கல்லறைத் திருநாளன்று, சேரிக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் பாட்டியின் குழிமேட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, இரண்டு பக்கத்தையும் வாசலோடு சேர்த்து முழுசாக வாசித்தாள். நாங்கள் பெயரில்லாமல் எடுத்துப்போன நகல்கள் அங்கேயே தீர்ந்துவிட்டன.