சொந்த வண்டி, கம்பெனி வேலை

மருந்து விற்பனைப் பிரதிநிதி சொந்த பைக்கில் ஊர் ஊராகச் சுற்றுகிறார். பெட்ரோல் படி கிடைக்கும். வழியில் ஒரு லாரி உரசிவிட்டுப் பறந்தால், பழுதுச் செலவு பெரும்பாலும் அவர் தலையில்தான்.

1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் உடற்காயம், நோய், உயிரிழப்பு ஆகியவற்றோடு நின்றுகொண்டது, வண்டியைக் கண்டுகொள்ளவில்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். சொந்த உபயோக பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் விலக்கு. சாம்பிள்களுக்கு அனுமதி உண்டு என்பதால் மருந்துப் பைக்காரர் தப்பிக்கலாம். பார்சல் சுமப்பவருக்குச் சிக்கல். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் இருவருக்குமே சொந்த வண்டியின் சேதத்துக்குக் காசு வராது.

ஜெர்மனியில் கதை வேறு. முதலாளியின் சம்மதத்தோடு அவர் வேலைக்காகச் சொந்தக் காரை ஓட்டி விபத்து நேர்ந்தால், தனிப்படி எதுவும் தராதபோது, சேதத்தை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றங்களின் நிலை. சிவில் சட்டத்தின் 670-ஆம் பிரிவை அதற்காக நீட்டிக்கொண்டார்கள். வீட்டிலிருந்து அலுவலகம் போகும் பயணம் இதில் சேராது, அது நியாயம்தான். கலிபோர்னியாவிலும் தொழிலாளர் சட்டத்தின் 2802-ஆம் பிரிவு, பணியால் நேரும் அவசியச் செலவையும் இழப்பையும் முதலாளி மீதே சுமத்துகிறது.

நம் ஊரில் 'சொந்த டூவீலர் கட்டாயம்' என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள், நியமனக் கடிதத்தில் பழுதுச் செலவுக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள்.