ஆசான் இல்லாத கோதா



கட்டிப் புரள்வதும் பலம் பார்ப்பதும் பிள்ளைகளின் இயல்பு. இரண்டு ஆண் பிள்ளைகள் ஓர் அறையில் தனித்திருந்தால் சற்று நேரத்திற்குள் தலையணை பறக்கும், கட்டில் அதிரும். இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 1990களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் இவ்வியல்பு வேறொரு கோலம் பூண்டது. பதின்வயதுப் பையன்கள் தங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பழைய மெத்தைகளை விரித்தனர். பலகையும் கயிறும் கொண்டு மேடை அமைத்தனர். தொலைக்காட்சி மல்லர்களைப் போன்று பட்டப்பெயர்களைச் சூட்டிக்கொண்டனர். பின்னர் கூரையின் மீதேறிக் குதித்தனர். குழல்விளக்குகளைத் தலையில் உடைத்துக்கொண்டனர். முள்கம்பியின் மீது விழுந்தனர். மேசைக்குத் தீ வைத்து அதன் மேல் ஒருவரையொருவர் தூக்கி எறிந்தனர். தோழன் ஒருவன் இவை அனைத்தையும் படம் பிடித்தான்.

'கொல்லைப்புற மல்யுத்தம்' என்ற பெயரில் இப்பதிவுகள் ஒளிநாடாக்களாக விற்பனைக்கு வந்தன. 2002ஆம் ஆண்டில் 'தி பேக்யார்டு' என்னும் ஆவணப்படம் இப்பையன்களைப் பற்றி வெளியாயிற்று. 2003ஆம் ஆண்டில் 'கொல்லைப்புற மல்யுத்தம்' என்ற பெயரில் காணொளி விளையாட்டு ஒன்றும் வெளிவந்தது. 'வீட்டில் இதனை முயலாதீர்' என்னும் எச்சரிக்கை வாசகமே அவ்விளையாட்டின் தலைப்பில் விளம்பரமாக இடம்பெற்றிருந்தது என்பதைக் கவனியுங்கள்!

இந்நிலையில் தொழில்முறை மல்லர்கள் பலர் கொதித்தெழுந்தனர். "பயிற்சியற்ற இவர்கள் எங்கள் கலைக்கு அவப்பெயர் தேடித் தருகின்றனர்" என்பது அவர்களின் முறையீடு. இது நியாயமானதா? கடல் கடந்த நாட்டுப் பையன்களின் விளையாட்டு நமக்கெதற்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்தத் தொலைக்காட்சி மல்யுத்தம் நம் வீடுகளுக்கும் வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. அம்மல்லர்களின் படம் பொறித்த சீட்டுகளை நம் பிள்ளைகளும் சேர்த்தனர். 2018 ஏப்ரல் 27 அன்று ஜித்தா நகரிலேயே அந்நிறுவனம் பெருங்காட்சி நடத்தியது. ஆகவே இது நம் கூடத்துச் செய்தியும்தான்.

முறையீட்டில் உள்ள நியாயம்

முதலில் தொழில்முறை மல்லர்களின் பக்கத்தைக் கேட்போம். அங்கே வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. இதனை எவரும் வதந்தியாகக் கிளப்பவில்லை. 1989ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலச் செனட் சபையின் முன் உலக மல்யுத்தக் கூட்டமைப்பினரே, தாங்கள் நடத்துவது போட்டியன்று, பொழுதுபோக்குக் காட்சியே என்று ஒப்புக்கொண்டனர். விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவதே அவர்களின் நோக்கம்.

முடிவு நாடகம் என்பதால் விழுவதும் பொய் என்று எண்ணிவிடலாகாது. மேடையின் அடியில் இரும்புச் சட்டமும் பலகையும் உள்ளன. அவற்றின் மேல் மெல்லிய மெத்தையும் முரட்டுத் துணியுமே விரிக்கப்படுகின்றன. அதன்மீது விழக் கற்பதற்கே மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். முகவாயை மார்போடு ஒட்டி, பின்மண்டை தரையில் படாமல் காத்து, முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுமாறு விழுந்து, கைகளால் தரையை அறைந்து அதிர்ச்சியைப் பரப்ப வேண்டும். தூக்குபவன் தன் பலத்தால் மட்டும் தூக்குவதில்லை. தூக்கப்படுபவனும் துள்ளி எழுந்து உதவுகிறான். தூக்கியபின் எதிராளியின் கழுத்தும் முதுகெலும்பும் முழுமையாகத் தூக்கியவனின் பொறுப்பில் உள்ளன. நம் மொழியில் கூறுவதானால், எதிரியின் உடல் அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

அந்த அமானிதத்தைக் காப்பது எத்துணை அரிது! 1997 ஆகஸ்ட் 3 அன்று ஓவன் ஹார்ட் என்னும் மல்லர், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்தபடி தரையில் அமர்ந்தார். ஆஸ்டினின் தலை சற்றே கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. கழுத்து அடிபட்டுச் சிறிது நேரம் கைகால் அசைவற்றுக் கிடந்தார் அவர். பல்லாண்டுகள் பயின்ற இருவருக்கே இக்கதி என்றால், தொலைக்காட்சியைப் பார்த்துக் கற்ற பதினைந்து வயதுப் பையனின் கையில் தோழனின் கழுத்து என்னவாகும்? இந்த அளவில் தொழில்முறையினரின் கோபம் நியாயமானதே.

கைதட்டியவர்கள் யார்?

ஆயினும் மறுபக்கத்தையும் காண வேண்டாமா? மிக் ஃபோலி என்னும் மல்லர் மாணவப் பருவத்தில் தோழர்களுடன் ஒரு வீட்டுப்படம் எடுத்தார். அதில் அவர் வீட்டுக் கூரையிலிருந்து கீழே கிடந்த மெத்தையின் மீது குதித்தார். 1997ஆம் ஆண்டில் உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே அக்காட்சி ஒளிபரப்பாயிற்று. எச்சரிக்கையாகவா காட்டினார்கள்? ஒரு வீரனின் இளமைக் கதையாகவே காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க் நகரில் அதே ஃபோலி, சுமார் 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து வீசப்பட்டு மேசையின் மேல் விழுந்தார். அன்று எழுந்த ஆரவாரமே கொல்லைப்புறப் பையன்களின் பாடநூலாயிற்று. வட கரோலினா மாநிலத்து ஹார்டி சகோதரர்கள் வீட்டுப் புறத்தில் துள்ளுமேடையின் மேல் பழகியவர்கள்; பின்னாளில் அவர்களும் புகழேணியில் ஏறினர். இவற்றைக் கண்ட பையன், கூரையிலிருந்து குதித்தால் தனக்கும் வாசல் திறக்கும் என்று எண்ணியதில் வியப்பென்ன?

1999 ஜனவரியில் நடந்த ஒரு காட்சியைக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். கைகளில் விலங்கு பூட்டப்பட்ட ஃபோலியின் தலையில் இரும்பு நாற்காலியால் பத்து முறைக்கும் மேலாக அடி விழுந்தது. அரங்கின் முன்வரிசையில் அவருடைய மனைவியும் சின்னஞ்சிறு பிள்ளைகளும் அமர்ந்திருந்தனர். தந்தை அடிபடுவதைக் கண்டு அப்பிள்ளைகள் கதறி அழுதனர். 'பியாண்ட் தி மேட்' என்னும் ஆவணப்படத்தில் அது பதிவாகியுள்ளது. அதனைப் பின்னர் பார்த்த ஃபோலி மனம் கலங்கிப் போனார். நாடகம் என்று முன்னரே கூறியிருந்தும், பிள்ளையின் கண்ணீர் நாடகமாக இருக்கவில்லை!

அதே ஆண்டு மே 23 அன்று கான்சாஸ் நகரில், நாம் மேலே கண்ட ஓவன் ஹார்ட், அரங்கின் மேற்கூரையிலிருந்து கம்பியில் இறங்கும்போது சுமார் 78 அடி உயரத்திலிருந்து விழுந்து மாண்டார். அன்றைய காட்சி நிறுத்தப்படவில்லை. எஞ்சிய மல்லர்கள் அதே மேடையில் ஏறினார்கள். 2007 ஜூனில் கிறிஸ் பென்வா என்னும் புகழ்பெற்ற மல்லர் மனைவியையும் மகனையும் கொன்று தானும் மாய்ந்தார். அவருடைய மூளையை ஆய்ந்த மருத்துவர்கள் கடுமையான சிதைவைக் கண்டதாக அறிவித்தனர். அக்கொடுஞ்செயலுக்கு அதுவே காரணம் என்று அறுதியிட்டுக் கூறவியலாது. எனினும் தலையில் விழுந்த அடிகளைப் பற்றி உலகம் கேள்வி எழுப்பியது. நாற்காலியால் தலையில் அடிப்பதை அந்நிறுவனம் தடை செய்தது 2010ஆம் ஆண்டில்தான். இவற்றுள் எந்த ஒன்றையும் கொல்லைப்புறப் பையன்கள் செய்யவில்லை. தொழிலின் நற்பெயருக்கு நேர்ந்த பெருங்களங்கங்கள் தொழிலின் உள்ளிருந்தே வந்தவை.

நீதி தவறலாகாது

அவ்வாறாயின் பிள்ளைகளுக்கு நேர்ந்த தீங்கு அனைத்தையும் தொலைக்காட்சி மல்யுத்தத்தின் தலையில் சுமத்திவிடலாமா? அதுவும் கூடாது. நாம் வெறுக்கும் கூட்டத்தாரிடத்திலும் நீதி தவறக் கூடாது என்பது நமக்கு இறைமறை கற்பிக்கும் பாடம்.

1999ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவனால் 6 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அவன் தொலைக்காட்சி மல்லர்களைப் பார்த்து விளையாடினான் என்று அவன் தரப்பில் வாதிடப்பட்டது. நடுவர் குழு அதனை ஏற்கவில்லை. 2001ஆம் ஆண்டில் பரோல் இல்லா ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு இறுதியில் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. இதற்கிடையே பெற்றோர் தொலைக்காட்சி மன்றம் என்னும் அமைப்பு, குழந்தைகளின் மரணங்களுக்கு மல்யுத்தமே காரணம் என்று பிரசாரம் செய்தது. மல்யுத்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2002ஆம் ஆண்டில் அவ்வமைப்பு 35 இலட்சம் டாலர் கொடுத்து, தன் குற்றச்சாட்டு தவறென்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. நல்ல நோக்கத்திற்காகவே ஆயினும் நிரூபிக்கப்படாத பழியைச் சுமத்தலாகாது என்பதற்கு இதுவொரு படிப்பினை.

வீடு குற்றமன்று

கொல்லைப்புறம் என்பதனாலேயே அது இழிந்ததா? இல்லை. ஓவன் ஹார்ட்டின் தந்தை ஸ்டூ ஹார்ட், கனடாவின் கால்கரி நகரிலிருந்த தம் வீட்டின் நிலவறையில்தான் மல்யுத்தம் கற்பித்தார். உலகப் புகழ் பெற்ற மல்லர் பலர் அவ்வறையிலிருந்து புறப்பட்டவர்கள். அதுவும் வீடுதான்! அங்கே விரிப்பு இருந்தது. அதனினும் மேலாக ஆசான் இருந்தார். எப்போது பிடியை விட வேண்டும் என்று கூற ஒருவர் இருந்தார்.

நம் துணைக்கண்டத்தின் கோதாவும் அத்தகையதே. அங்கே உஸ்தாதின் சொல்லே சட்டம். மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய பின்னரே சீடர்கள் இறங்குவர். அந்த மண்ணில் வளர்ந்தவர்தான் காமா பயில்வான். 1910ஆம் ஆண்டில் லண்டன் சென்று அமெரிக்கரான ரோலரை வீழ்த்தினார். அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று போலந்து மல்லர் ஸிபிஸ்கோவுடன் இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாகப் பொருதியும் முடிவு காணவில்லை. ஸிபிஸ்கோ தரையோடு ஒட்டிக் கிடந்தே காலங்கழித்தார். மறு போட்டிக்கு அவர் வரவேயில்லை. 1928ஆம் ஆண்டில் பாட்டியாலாவில் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்திற்குள் காமா அவரைச் சாய்த்தார். முள்கம்பியும் தீயும் இல்லாமலே வந்த புகழ் அது.

மார்க்கம் வகுத்த எல்லை

இஸ்லாம் மல்யுத்தத்தைத் தடுக்கவில்லை. மக்கத்து மல்லரான ருகானாவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மற்போரில் வீழ்த்தியதாக அறிவிப்பு உண்டு. உஹத் போருக்குப் புறப்படுகையில் ராஃபிஉ, சமுரா (ரலி) என்னும் இரு இளைஞர்களின் செய்தியும் வரலாற்று நூல்களில் காணப்படுகிறது. அம்பெய்வதில் வல்லவரென ராஃபிஉ சேர்க்கப்பட்டார். அவரை என்னால் வீழ்த்த முடியுமே என்றார் சமுரா. இருவரும் பொருதினர், சமுரா வென்றார், அவருக்கும் அனுமதி கிடைத்தது. அங்கே பெரியவர் ஒருவரின் பார்வையில், ஒரு நோக்கத்திற்காகப் பலம் அளக்கப்பட்டது.

அதே நேரத்தில் எல்லைகளும் வகுக்கப்பட்டுள்ளன. முகத்தில் அடிப்பதை அண்ணலார் தடுத்துள்ளார்கள். தனக்கும் தீங்கிழைக்கலாகாது, பிறர்க்கும் தீங்கிழைக்கலாகாது என்பது நம் சட்டத்தின் அடிப்படை விதி. பிறரை வீழ்த்துபவனல்லன், சினத்தின்போது தன்னை அடக்குபவனே பலசாலி என்னும் நபிமொழியின் கருத்தை அறியாதவர் நம்மில் உண்டோ!

ஆகவே, வாசகர்களே! கொல்லைப்புற மல்யுத்தம் தொழில்முறை மல்யுத்தத்தின் பெயரைக் கெடுக்கிறதா என்றால், சிறிதளவு கெடுக்கலாம். தன் பெயரைத் தொழில் தானே கெடுத்துக்கொண்டது அதனினும் அதிகம். ஆனால் கேள்வியையே நாம் மாற்றிக் கேட்க வேண்டும். கெட்ட பெயரை நாளடைவில் மீட்டுவிடலாம். முறிந்த கழுத்தை மீட்க முடியுமா? பெயரைப் பற்றிக் கவலைப்பட நிறுவனத்திற்கு வழக்கறிஞர்கள் உள்ளனர். அப்பையனின் கழுத்தைப் பற்றிக் கவலைப்பட அவனுடைய பெற்றோரைத் தவிர யார் உளர்?

பெற்றோர்களே! பெட்டியை அணைத்துவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது. அண்டை வீட்டிலும் கைபேசியிலும் அது காத்திருக்கிறது. ஒரு நாள் பிள்ளையின் அருகில் அமர்ந்து பாருங்கள். முடிவு முன்பே பேசப்பட்டது என்பதையும், விழுவதற்கே பயிற்சி உண்டு என்பதையும், பயின்றவர்களே முடமானார்கள் என்பதையும் எடுத்துக் கூறுங்கள். தலை, கழுத்து, முகம் ஆகிய மூன்றும் விளையாட்டில் தொடக்கூடாதவை என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். உயரத்திலிருந்து பிறர் மீது குதிப்பதை அறவே தடுத்துவிடுங்கள். தலையில் அடிபட்டபின் வாந்தியோ மயக்கமோ தடுமாற்றமோ காணப்பட்டால் தைலம் தடவிக் காலங்கடத்தாமல் மருத்துவரிடம் விரையுங்கள். பிள்ளைக்கு உண்மையிலேயே ஆர்வமிருந்தால் மல்யுத்தமோ, ஜூடோவோ, சிலம்பமோ கற்பிக்கும் நல்ல ஆசானிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். அவர் முதலில் விழக் கற்பிப்பார்; பிறகு விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கவும் கற்பிப்பார்.

நம் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவர்களின் உடல் வலிமையைப் பெருக்கி, அவ்வலிமையால் எவருக்கும் தீங்கு நேராமல் காத்து, சினத்தை வெல்லும் உண்மையான வீரர்களாக அவர்களை வளர்த்தெடுக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.