'லேட்டஸ்ட்' எண்டு எழுதிவிட்டு நித்திரை கொள்ளலாமா?

இரண்டு வருசத்துக்கு முதல், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. விடிந்தால் டெமோ. எங்கள் கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை, ஆனாலும் பில்ட் விழுந்துவிட்டது. இரவு இரண்டு மணி வரைக்கும் எங்கட பிழையைத் தேடினோம். கடைசியில் பார்த்தால், ஒரு பேக்கேஜின் வேர்ஷன் எண் இருக்கவேண்டிய இடத்தில் ஆரோ 'லேட்டஸ்ட்' எண்டு எழுதிவிட்டிருக்கிறார்கள். அந்த 'ஆரோ' நான்தான். அன்று பின்னேரம் வெளிவந்த புதிய வேர்ஷனை பில்ட் சேர்வர் ஒரு கேள்வியும் கேட்காமல் இறக்கியிருந்தது.

அந்தப் பயத்தில் எல்லா எண்களையும் பூட்டினோம். லொக் ஃபைல் போட்டுவிட்டு ஒரு வருசம் தொடவேயில்லை. இது அதைவிடப் பெரிய பிழை என்பது என் கருத்து.

2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸில் இருந்த ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. அமெரிக்காவின் ஈக்குவிஃபக்ஸ் நிறுவனம் தன்னுடைய ஒரு தளத்தில் அதைப் போடாமல் விட்டது. மே மாதம் அதன் வழியாகப் புகுந்தார்கள். ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்கள் போயின. திருத்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எண்ணை மாற்றத்தான் ஆளில்லை.

அப்ப வந்த உடனே எடுத்துவிடலாமே எண்டு கேட்பீர்கள். 2024இல் எக்ஸ்ஸெட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 வேர்ஷன்களுக்குள் ஒருவர் திட்டமிட்டுக் கள்ளவாசல் வைத்திருந்தார். எஸ்எஸ்எச் லொகின் அரை செக்கன் தாமதிக்கிறதே எண்டு துருவிப்போன அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் மார்ச் 29இல் அதை வெளியிட்டார். பழைய எண்ணோடு இருந்த டெபியன் ஸ்டேபிள் தப்பியது. புதியதை முந்தி எடுத்தவர்கள்தான் மாட்டினார்கள்.

ஆகவே எண்ணை மாற்றும் வேலையை முழுக்க பொட்டிடம் விடவும் கூடாது, முழுக்க மனிதரிடம் விடவும் கூடாது. டிபென்டபொட், ரெனொவேட் போன்றவை புதிய எண்ணைக் கண்டுபிடித்து கோரிக்கையாகத் தரட்டும். ரெஸ்ட் ஓடட்டும். மாற்றக்குறிப்பை ஒரு ஆள் வாசிக்கட்டும். பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றைக்கே எடுக்கவேண்டும். மற்றவை ஒரு கிழமை ஊறலாம். (எக்ஸ்ஸெட் விசயத்தில் ஒரு கிழமை காணாதுதான். கள்ளவாசல் ஒரு மாதத்துக்கு மேல் ஆருடைய கண்ணிலும் படவில்லை.) நடு எண்தான் மாறியிருக்கு, ஒண்டும் உடையாது எண்டு நம்பவும் வேண்டாம். அது பேக்கேஜ் எழுதியவர் தரும் வாக்கு மட்டுமே, உத்தரவாதம் இல்லை.

இதற்கு நேரம் எங்கே என்பதுதான் எங்கட ரீமில் வந்த ஒரே எதிர்ப்பு. அந்த வெள்ளிக்கிழமை இரவை ஞாபகப்படுத்தினேன். இப்போது திங்கள் காலை ஒரு மணித்தியாலம், முறை வைத்துப் பார்க்கிறோம். இந்தக் கிழமை என்ர முறை. பதினொரு கோரிக்கை காத்துக்கொண்டிருக்கு, அதில் இரண்டு சிவப்பு.