கிண்டிக் குதிரைகளும் வாலாஜாபாத் வீடுகளும்

கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் வாயில்களுக்கு 2024 செப்டம்பரில் தமிழக அரசு முத்திரையிட்டது. 1945-இல் 99 ஆண்டுகளுக்கென எழுதித் தரப்பட்ட குத்தகை ரத்தாயிற்று. அந்த விவகாரம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, இங்கே ஒரு பெருமூச்சு புறப்பட்டது. அது இன்னும் ஓய்ந்தபாடில்லை. 'அது ஒரு காலம்! குதிரை ஓடிய அழகென்ன, கூட்டம் எழுப்பிய ஆரவாரமென்ன!' என்று முதியவர்கள் உருகுகிறார்கள். நம் வாலாஜாபாத் பக்கமும் இந்த உருக்கம் கேட்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்று பேசும் பெரியவர்கள் சிலர்கூட, பழைய ஜாக்பாட் கணக்கைச் சொல்லும்போது கண்ணில் ஒரு மினுக்கத்தோடுதான் சொல்கிறார்கள். சுற்றி நிற்கும் இளைஞர்கள் வீரக்கதை கேட்பதுபோல் கேட்கிறார்கள்.

இந்த உருக்கத்தை மறுத்தெழுதவே நாம் முற்படுகிறோம். வயோதிகரின் இனிய நினைவில் மண்ணைப் போடுவது முறையாகுமா என்று வாசகர் கேட்கலாம். நினைவு முழுமையாக இருந்தால் முறையாகாது. பாதியைப் போற்றி மறுபாதியைப் புதைத்துவிட்ட நினைவோ, அதைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு ஊறு செய்வது.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுவோம். ஓடும் குதிரை அழகுதான். பந்தய நாள்களில் ஊரிலிருந்து புறப்பட்டவர்களின் உற்சாகமும் பொய்யன்று. வாலாஜாபாத்தில் ரயிலேறி, பாலூர் தாண்டி, செங்கற்பட்டில் மாறி, தாம்பரம் வழியாகக் கிண்டியில் இறங்குவார்கள். சட்டைப் பையில் பென்சில், மடியில் பந்தயப் புத்தகம். எந்தக் குதிரைக்கு எவ்வளவு எடை ஏற்றியிருக்கிறது, சென்ற முறை எத்தனையாவதாக வந்தது, ஜாக்கி யார், பயிற்சியாளர் யார், ஈரத் தரையில் ஓடுமா என்றெல்லாம் வண்டியிலேயே ஒரு சர்வகலாசாலை நடக்கும். நான்காம் வகுப்பைத் தாண்டாத நெசவாளர் ஒருவர் குதிரையின் வம்சாவளியை, மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் போல் தடையின்றி ஒப்பிப்பார். வின், பிளேஸ், ஃபோர்காஸ்ட், ட்ரெபிள், ஜாக்பாட் என்னும் சொற்கள் தறிச் சத்தத்தினிடையே தமிழ்ச் சொற்களாகவே புழங்கின. போக இயலாதவர்கள் தேநீர்க் கடை ஓரத்தில் யாரிடமோ பணம் கொடுத்தனுப்பினார்கள். வென்றவர் திரும்பும் இரவில் பூந்திப் பொட்டலமும் மல்லிகைச் சரமும் உடன்வரும். தெருவே அறியும்.

தோற்றவர் திரும்புவதைத் தெரு அறியாது. அவர் கடைசி வண்டியில் வருவார், சந்து வழியாக வீட்டுக்குள் நுழைவார். மறுநாள் காலையில் அவர் மனைவி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு அடகுக் கடைக்கு நடப்பாள். முதலில் செம்பு, பிறகு பித்தளை அண்டா, பிறகு மூக்குத்தி. கூலியை முன்பணமாக வாங்கிக் கிண்டியில் விட்டுவிட்டு, அந்த முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் ஒரே முதலாளியின் பாவுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்களை நாம் அறிவோம். அவர்களில் எவரும் இன்று கோயில் முற்றத்தில் நின்று பழங்கதை பேசுவதில்லை. வென்ற நாளுக்கு நாவுண்டு. தோற்ற நாளுக்கு இல்லை. ஆகவேதான் பந்தயத்தைப் பற்றிக் காதில் விழும் கதைகளெல்லாம் வெற்றிக் கதைகளாகவே இருக்கின்றன. அந்தப் பெண்களைக் கேட்டால் வேறு கதை வரும். அவர்களை யாரும் கேட்பதில்லை.

இதில் அதிர்ஷ்டத்தைக் குறைகூறிப் பயனில்லை. கணக்கே அவ்வாறு அமைந்தது. 'டோட்' என்னும் முறையில் அனைவரும் கட்டும் பணம் ஒரே தொகுப்பில் சேரும். அதிலிருந்து அரசின் வரியையும் கிளப்பின் பங்கையும் முதலில் எடுத்துவிடுவார்கள். மிச்சத்தைத்தான் வென்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். ஓர் உதாரணத்துக்கு நூற்றுக்கு இருபது ரூபாய் கழிகிறதென வைத்துக்கொள்வோம். கூட்டம் முழுவதையும் ஒரே மனிதராக எண்ணிக்கொண்டால், நூறு ரூபாயோடு உள்ளே வந்த அந்த மனிதர் முதல் பந்தயம் முடிகையில் எண்பது ரூபாய்க்காரர். கிடைத்ததையே மீண்டும் மீண்டும் கட்டிக்கொண்டு போனால், எட்டாவது பந்தயத்தின் முடிவில் அவரிடம் 17 ரூபாய்கூட முழுதாக இராது. எந்தக் குதிரை முந்தினாலும் இதுதான் விடை. அன்றைக்கு ஒருவர் ஆயிரம் ரூபாயோடு வெளியே வந்தாரென்றால், அந்த ஆயிரம் குதிரை ஈட்டித் தந்ததன்று; பக்கத்தில் நின்றவர்களின் மடியிலிருந்து வந்தது. புக்கியிடம் கட்டினாலும் கதை மாறாது. அவர் சொல்லும் விகிதத்திலேயே அவருடைய இலாபம் உட்கார்ந்திருக்கும். இன்று கட்டும் பணத்தின் மீதான ஜிஎஸ்டி வேறு 28 விழுக்காட்டிலிருந்து 2025 செப்டம்பரில் 40 விழுக்காடாக ஏறியிருக்கிறது.

தோற்காமல் இருந்தவர்களும் உண்டு. கிண்டியில் பந்தயம் 1777 முதல் நடந்துவந்ததாகச் சொல்வார்கள். சென்னை ரேஸ் கிளப் அமைந்தது 1896-இல். கும்பினி அதிகாரிகளின் பொழுதுபோக்காகப் பிறந்தது அது. (நம் வாலாஜாபாத்தும் அதே கும்பினிப் படையின் பாசறையாக இருந்த ஊர்தான், ஊர்ப் பெயரைத் தாங்கிய காலாட்படை ஒன்றுகூட இருந்தது. படையும் போயிற்று, பாசறையும் போயிற்று. அதற்காக யாரும் பெருமூச்சு விடக் காணோம்.) 1945-ஆம் ஆண்டுக் குத்தகைப்படி ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்துக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். பிற்காலத்தில் நம் ஊர்த் தொழிலாளி ஒருவர் ஒரே பிற்பகலில் தோற்ற தொகை இதனினும் மிகுதியாக இருந்ததுண்டு. உயர்த்தப்பட்ட வாடகையின் பாக்கியாக 730 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தவேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் கூறியது. நூறு ரூபாய் பாக்கிக்காக அண்டாவை இழந்த வீடுகளை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்கவேண்டும்.

இனி, எதிர்வாதம் செய்வோர் தவறாமல் நீட்டும் ஒன்று: 'குதிரைப் பந்தயம் சூதன்று, திறமை, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.' மெய்தான். 1974-இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986-இல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. வழக்குகள் நீண்டன, பந்தயமும் நடந்துகொண்டே இருந்தது. 1996 சனவரி 12-ஆம் நாள், டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையையே சார்ந்தது, ஆகவே சூதாட்டமாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் செல்லாததாக்கியது.

சட்டத்தின் சொல்லுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் சட்டம் கேட்ட கேள்வி வேறு, வீடு கேட்கும் கேள்வி வேறு. குதிரைக்குத் திறமை உண்டு, ஜாக்கிக்கு உண்டு, பயிற்சியாளருக்கும் வளர்ப்பாளருக்கும் உண்டு. பந்தயப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவருக்கும் ஓரளவு உண்டென்றே வைத்துக்கொள்வோம். அவர் திறமையால் வென்றாரென்றால், தோற்றவருக்குத் திறமையில்லை, ஆகவே அவர் பிள்ளைகள் பட்டினி கிடக்கலாம் என்றா பொருள்? திறமை இருந்தால் வாங்கலாம் என்பது நூல் விலைக்கும் நெல் விலைக்கும் பொருந்தும். அங்கே ஒரு பொருள் கைமாறுகிறது. இங்கே கைமாறுவது அடுத்தவரின் கூலி மட்டுமே.

இந்தத் 'திறமை' என்னும் சொல் கிண்டியோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு கடுமையாக எழுதமாட்டோம். அது ரயிலேறி நம் ஊருக்கே வந்துவிட்டது. ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-இலேயே ஒரு தீர்ப்பு உண்டு. அதனோடு 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் சேர்த்து ஏந்திக்கொண்டுதான் இணைய ரம்மி நிறுவனங்கள் நீதிமன்றங்களுக்குப் போயின. தமிழக அரசு 2021-இல் கொண்டுவந்த தடை அவ்வாண்டே வீழ்ந்தது. பல தற்கொலைச் செய்திகளுக்குப் பின்னர் 2022-இல் மீண்டும் ஒரு சட்டம் செய்தார்கள். ஆளுநரின் ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி உயர் நீதிமன்றம் அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதை எதிர்த்தும் வழக்குகள் எழுந்தன.

கிண்டிக்குப் போக ரயில் கட்டணமாவது வேண்டியிருந்தது. பந்தயம் முடிந்தால் வீடு திரும்பவேண்டியிருந்தது. கைபேசியில் வாயிற்கதவும் இல்லை, கடைசி வண்டியும் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு இரவுப் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பேருந்தில் உட்கார்ந்தபடியே ஒரு மாதச் சம்பளத்தை இழக்க முடிந்தது. அவர்கள் காதில் தாத்தாவின் ஜாக்பாட் கதை ஒலித்துக்கொண்டிருந்தால், அடுத்த ஆட்டத்தில் மீட்டுவிடலாம் என்றுதானே கை போகும்? வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியவர். அதில் அவர் முதலில் எச்சரிப்பது தோல்வியைப் பற்றியன்று, வெற்றியைப் பற்றி. மீனுக்கு இரை எப்படியோ அப்படித்தான் அது என்கிறார்.

அரசே லாட்டரி நடத்தவில்லையா என்று சிலர் மடக்குவர். நடத்தியது. 1968-இல் தொடங்கி, இடையில் நின்று, மீண்டும் எழுந்து, 2003 சனவரியில் தடைசெய்யப்படும்வரை வாலாஜாபாத் பேருந்து நிலையத்திலும் சீட்டுகள் தோரணமாய்த் தொங்கின. அது தவறென்பதால் இது சரியாகிவிடாது. குதிரைகளைப் பராமரித்த தொழிலாளர்களின் பிழைப்பு என்னாவது என்பது இதனினும் கனமான கேள்வி. அவர்களுக்கு மாற்று வேலையும் ஈட்டுத் தொகையும் கேட்டு யாரேனும் எழுதினால் நாமும் உடன் நிற்போம். பெருமூச்சு விடுபவர்களின் பேச்சில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் நாம் கேட்டதில்லை.

திருச்சபை பந்தயத்தைப் பாவமென்று கூறவில்லையே என்பாரும் நம்மிடையே உண்டு. சரியாகவே சொல்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பந்தயம் தன்னளவில் நீதிக்கு முரணன்று என்கிறது. ஆனால் அங்கேயே நிறுத்தவில்லை. தன் தேவைக்கும் பிறர் தேவைக்கும் வேண்டியதை ஒருவரிடமிருந்து பறிக்கும்போது அது ஏற்கத்தகாததாகும் என்றும், அந்த மோகம் மனிதனை அடிமையாக்கும் என்றும் தொடர்கிறது. செல்வர் ஒருவரின் ஆயிரம் ரூபாய்க்கு முதற்பாதி பொருந்தட்டும். நெசவாளரின் வாரக் கூலிக்குப் பிற்பாதிதான் பொருந்தும். நம் வட்டாரத்திலிருந்து கிண்டிக்குப் போனவர்களில் செல்வர் எத்தனை பேர்?

சீட்டெடுப்பதை நாம் பழிக்கவில்லை. அருகிலுள்ள உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்துதான் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. மத்தியாவும் சீட்டு விழுந்துதான் திருத்தூதரானார். அங்கெல்லாம் சீட்டெடுத்தது ஒருவருக்குக் கடமையைத் தருவதற்கு. யார் பையிலிருந்தும் எதுவும் போகவில்லை. கல்வாரியில் படைவீரர்கள் சீட்டுப் போட்டது வேறு வகை. மேலிருந்து கீழ்வரை தையலின்றி நெய்யப்பட்ட அங்கி ஒன்று, இன்னொருவரின் உடைமை, அவர் கண்முன்னே பந்தயப் பொருளாயிற்று. நெசவாளர் ஊரில் இதை விளக்கவேண்டியதில்லை.

ஆதலின் நம் வீட்டையும் சற்றுப் பார்ப்போம். பங்குத் திருவிழா நெருங்கும்போது கட்டட நிதிக்கென்று பரிசுச் சீட்டுப் புத்தகங்கள் அன்பியங்களுக்கு வந்துசேர்கின்றன. முதற்பரிசு ஸ்கூட்டர், இரண்டாம் பரிசு குளிர்சாதனப் பெட்டி. புத்தகம் முழுவதையும் விற்றுத் தீர்க்கவேண்டும். விற்காத சீட்டைத் தாமே வாங்கிக்கொள்ளும் ஏழைக் குடும்பங்கள் உண்டு. மறுப்பதற்குக் கூச்சம். சிறுவர்களைக் கொண்டும் விற்கச் செய்கிறார்கள். 'விழுந்தால் ஸ்கூட்டர்' என்று சொல்லி விற்க அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். கோயிலுக்குக் கொடுக்க மனமுள்ளவர் கொடுக்கட்டும், அதற்கு ரசீது போதும். பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதை எழுப்ப நம் வாசகர்களில் ஒருவராவது முன்வரவேண்டும். ஸ்கூட்டர் நிறுத்திவைக்கும் பந்தலில், பத்தும் இருபதுமாகக் கொடுத்தவர்களின் பெயர்களை எழுதி ஒரு பலகை வைக்க இடமிருக்கும்.