கேம் கம்பெனியில் வேலைன்னா நாள் முழுக்க விளையாடுறதா? திருச்சி பசங்க கையெழுத்து போடும் முன் பார்க்க வேண்டியது என்ன?

திருச்சியில் பி.இ., பி.சி.ஏ. முடித்த பையனோ பொண்ணோ வீட்டுக்கு வந்து, "கேம் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு"ன்னு சொன்னால் பெரும்பாலும் வரும் முதல் கேள்வி, "ரம்மி கம்பெனியா?" என்பதுதான். பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்தியை தமிழ்நாடு வருடக்கணக்கில் பார்த்திருக்கிறது. அடுத்த கேள்வி, "விளையாடுறதுக்கா சம்பளம் தர்றாங்க?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்வியைக் கேட்காமல் வேலைக்குப் போனவர்கள் பலருக்கு 2025 ஆகஸ்ட்டில் ஒரே வாரத்தில் நிலைமை தலைகீழானது.

ரம்மி கம்பெனி வேறு, கேம் ஸ்டுடியோ வேறு

ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதா 2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவையிலும், 21-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். இ-ஸ்போர்ட்ஸ், சோஷியல் கேம், பணம் கட்டி ஆடும் கேம் என இந்தச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. முதல் இரண்டுக்கும் அனுமதி உண்டு. மூன்றாவதுக்கு முழுத் தடை. மீறி நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது.

ட்ரீம்11, எம்பிஎல் போன்ற நிறுவனங்கள் பணம் கட்டும் போட்டிகளை உடனே நிறுத்தின. எம்பிஎல் இந்தியாவில் இருந்த ஊழியர்களில் சுமார் 60 சதவீதம் பேரை அனுப்பப் போகிறது என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அப்படி வெளியே வந்தவர்கள் யாரும் சூதாடியவர்கள் இல்லை. கோடு எழுதியவர்கள், படம் வரைந்தவர்கள், கஸ்டமர் சப்போர்ட்டில் இருந்தவர்கள். ஒரு கம்பெனி 'கேமிங்' என்று பெயர் வைத்திருப்பது முக்கியமில்லை, அது எதில் காசு பார்க்கிறது என்பதுதான் விஷயம். நுழைவுக் கட்டணம், பரிசுப் பணம் என்றால் அந்தக் கதவு மூடியாச்சு.

சரி, உண்மையான கேம் ஸ்டுடியோவில் என்ன வேலை?

புரோகிராமிங், 3டி ஆர்ட், அனிமேஷன், லெவல் டிசைன், சவுண்ட் எனப் பல பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் புதிதாக வரும் பலருக்குக் கிடைக்கும் முதல் வாசல் டெஸ்டிங். "விளையாட சம்பளம்" என்ற நினைப்பு உடைவதும் இங்கேதான்.

டெஸ்டருக்குக் காலையில் புது 'பில்ட்' வரும், அதாவது நேற்று வரை செய்த வேலைகளைச் சேர்த்த கேம். அதை அவர் ஜெயிப்பதற்காக ஆடுவதில்லை, உடைப்பதற்காக ஆடுகிறார். ஒரு அறையின் நான்கு சுவரிலும் ஹீரோவை மோதவிட்டு, எங்காவது உள்ளே புகுந்து போகிறானா என்று பார்க்க வேண்டும். கதவு திறக்கும்போது சேவ் செய்தால் என்ன ஆகும்? சண்டை நடுவில் போன் வந்தால் கேம் நின்றுபோகுமா? பழைய மாடல் போனில் சூடாகிறதா? இப்படி ஒரே கதவை நூறு முறை திறக்க வேண்டி வரலாம்.

தப்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. எழுதுவது மீதி. எந்தப் பட்டனை எந்த வரிசையில் அழுத்தினால் அந்தத் தப்பு வருகிறது, ஐந்து முறை செய்தால் எத்தனை முறை வருகிறது, எவ்வளவு மோசம் என்று துல்லியமாக எழுதினால்தான் புரோகிராமர் அதைச் சரிசெய்ய முடியும். சரிசெய்த பிறகு மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் ஆடிப் பார்க்க வேண்டும், ஏன்னா ஒன்றைத் திருத்தினால் வேறொன்று உடையும். ஆறு மாசம் கழித்து அந்த கேமைப் பார்த்தாலே சலித்துப் போகும் என்பது மிகையில்லை.

இன்னொரு சங்கடம். ரகசிய ஒப்பந்தம் இருப்பதால், எந்த கேமில் வேலை பார்க்கிறோம் என்று வீட்டில்கூடச் சொல்ல முடியாது. கேம் வெளிவரும் முன்னே வேலையை விட்டுவிட்டால், கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் பெயர் இல்லாமலும் போகலாம்.

சாவி யார் கையில்?

இந்தியாவில் நடக்கும் பெரிய கேம் வேலைகளில் நிறைய, வெளிநாட்டு கம்பெனிகளுக்காகச் செய்யப்படுபவை. பெங்களூருவில் 1997-ல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் இந்தத் துறையின் முன்னோடி. அதை ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் வாங்கி, பிறகு 2019-ல் ஜிடிஏ புகழ் ராக்ஸ்டார் கைக்கு மாற்றியது. உலகமே காத்திருக்கும் கேம்களில் நம்ம ஊர் கைகளும் உண்டு என்பது பெருமைதான். ஆனால் முடிவு எடுப்பவர்கள் இங்கே இல்லை.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ரீமேக் நல்ல உதாரணம். யூபிசாஃப்ட்டின் புனே, மும்பை ஸ்டுடியோக்கள் தலைமை தாங்கிச் செய்யும் பெரிய கேம் என்று 2020 செப்டம்பரில் அறிவித்தார்கள். டிரெய்லரின் கிராஃபிக்ஸை ரசிகர்கள் கிண்டலடித்தார்கள். தேதி தள்ளிக்கொண்டே போய், 2022 மே மாதம் வேலை கனடாவின் மாண்ட்ரியலுக்குப் போனது. 2026 ஜனவரியில் கேமே ரத்து. வருடக்கணக்கான உழைப்பு யார் கண்ணிலும் படாமலே முடிந்தது.

2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரு, மும்பை அலுவலகங்களும் சேர்ந்தே மூடப்பட்டன. கேம், விஎஃப்எக்ஸ், அனிமேஷன் ஆர்ட்டிஸ்ட்டுகள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். பாரிஸில் பணம் தீர்ந்ததற்கு பெங்களூருவில் வேலை போனது.

ராத்திரி முழுக்க கண் விழிப்பு

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க பரமபதம் ஆடுவது ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் புதுசில்லை. அது ஒரு ராத்திரி. கேம் வெளியாகும் முன் ஸ்டுடியோக்களில் நடக்கும் கண் விழிப்புக்கு 'க்ரஞ்ச்' என்று பெயர். அது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஓடும்.

2004 நவம்பரில் அமெரிக்காவில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரைத் திருமணம் செய்யவிருந்த பெண், வாரத்தில் ஏழு நாளும் வேலை வாங்குகிறார்கள் என்று இணையத்தில் எழுதிய கடிதம் பெரிய புயலானது. ஓவர்டைம் வழக்குகளில் அந்த நிறுவனம் மொத்தம் சுமார் 3 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்தது. அத்தோடு பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. கட்டாய க்ரஞ்ச் இருக்காது என்று சொன்ன போலந்தின் சிடி பிராஜெக்ட் ரெட், 2020-ல் 'சைபர்பங்க் 2077'க்காக வாரம் ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. அப்படியும் கேம் பக் மூட்டையாகத்தான் வந்தது.

இங்கே நிலைமை என்ன? வேலை நேரம், விடுப்பு, நீக்கம் பற்றிய விதிகளை எழுதி வைக்கச் சொல்லும் 1946-ம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்திலிருந்து ஐ.டி. நிறுவனங்களுக்கு கர்நாடகா விலக்கு கொடுத்து வந்தது. அந்தப் பட்டியலில் 'கேமிங்' என்ற சொல்லும் இருந்தது. 2024-ல் அதை மேலும் 5 ஆண்டு நீட்டித்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலான புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நியமனக் கடிதம் கொடுப்பதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

திருச்சியிலேயே வேலை கிடைக்காதா?

நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. பஞ்சப்பூரில் டைடல் பார்க் கட்ட 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் பெரிய கேம் ஸ்டுடியோக்கள் பெங்களூரு, புனே, ஹைதராபாத், மும்பையில்தான். கட்டிடம் வந்தால் ஸ்டுடியோவும் வரும் என்று நினைப்பது அவசரம். இப்போதைக்கு இந்த வேலை என்றால் மைசூரு எக்ஸ்பிரஸில் ஏறித்தான் ஆக வேண்டும்.

கற்றுக்கொள்வதற்கு மட்டும் ஊரை விட வேண்டியதில்லை. கோடாட், பிளெண்டர் இரண்டும் இலவசம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து டொரோண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறிய டீம் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', மறு வருடம் பாஃப்டா விருதே வாங்கியது. இட்லி ஊற்றுவதுதான் அதில் முதல் கட்டம். ஸ்டுடியோக்கள் மதிப்பெண் பட்டியலை விட, தானே செய்து முடித்த ஒரு சின்ன கேமைத்தான் கேட்கின்றன.

ஆஃபர் வந்துவிட்டால் எச்.ஆரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சில. நிரந்தர வேலையா, அந்த ஒரு புராஜெக்ட் வரைக்குமா? வெளிநாட்டு கிளையன்ட்டுக்காக நைட் ஷிஃப்ட் உண்டா, வீடு திரும்ப கேப் உண்டா? ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் பணமா, மாற்று விடுப்பா? பெயர்ப் பட்டியலில் பெயர் வருமா? பதில்களை மெயிலில் வாங்கிக்கொள்வது நல்லது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை நாங்களே வைத்துக்கொள்வோம் என்று சொன்னால், கையெழுத்து போடாமல் ரயில் ஏறிவிடலாம்.